வான்பலூனோடு இருவழியாகப் பேசுவது: குறைந்த மின்சக்தியில் வானொலி இணைப்பை வடிவமைக்கும் முறை

லேடெக்ஸால் ஆன வானிலை பலூனில் ஹீலியம் நிரப்பிப் பறக்கவிட்டால், அது விநாடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர் வேகத்தில் ஏறி, ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் 30 கிலோமீட்டர் உயரத்தைத் தொடும். அங்கே காற்றழுத்தம் மிகக் குறைந்துவிடுவதால் பெருத்து வெடிக்கும். கீழே தொங்கும் பெட்டி பாராசூட்டில் இறங்கும். அந்தப் பெட்டி தன் இடத்தையும் உயரத்தையும் வானொலியில் சொல்லிக்கொண்டே வருவது நெடுநாள் பழக்கம். சென்னை மீனம்பாக்கத்திலிருந்து இந்திய வானிலை ஆய்வுத் துறை ஏவும் ரேடியோசாண்ட் என்ற பலூன் கருவியும் அதைத்தான் செய்கிறது. அது பேசும், கேட்காது. மாணவர்களும் அமெச்சூர் வானொலிக்காரர்களும் செய்யும் பலூன்களில் பெரும்பாலானவையும் அப்படித்தான் இருக்கின்றன.

பலூன் கடலை நோக்கி நகர்வதைத் திரையில் பார்த்துக்கொண்டு, கயிற்றை இப்போதே அறுத்து இறக்க வழியில்லையே என்று கைபிசைந்தவர்களுக்குக் கேட்கும் பலூனின் அருமை தெரியும். செய்தி அனுப்பும் இடைவெளியை மாற்றவும், தரையிறங்கிய பெட்டியில் ஒலிப்பானை ஒலிக்கவிடவும்கூட எதிர்த்திசைப் பாதை ஒன்று வேண்டும். அந்தப் பாதையை இரண்டு, மூன்று சிறிய செல்களின் சக்திக்குள் எப்படி அமைப்பது என்பதை இங்கே விளக்குகிறேன். இதில் இறங்கும் பலரும் பலூனின் அனுப்புத்திறனைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். என் அனுபவத்தில் சிக்கல் முழுவதும் பலூனின் காதில் இருக்கிறது. அது வானத்தில் எதையெல்லாம் கேட்க நேரிடுகிறது என்பதும், கேட்பதற்கு எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்பதும் தெளிவானால் மற்ற முடிவுகள் தாமாகவே இடத்தில் பொருந்தும்.

அலைவரிசையும் அனுமதியும்

இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் உரிமம் இல்லாமல் 1 வாட் அனுப்புத்திறனும், ஆன்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்து 4 வாட் பயனுறு கதிர்வீச்சுத் திறனும், 200 கிலோஹெர்ட்ஸ் அகலமும் அனுமதிக்கப்படுகின்றன. அமெச்சூர் உரிமம் பெற்றவர்களுக்கு 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் பட்டை உண்டு. பிரிட்டனில் அமெச்சூர் உரிமத்தை வானில் பயன்படுத்த நெடுங்காலம் அனுமதி இல்லாததால், அங்குள்ள பலூன்காரர்கள் உரிமம் தேவையில்லாத 434 மெகாஹெர்ட்ஸில் வெறும் 10 மில்லிவாட்டைக் கொண்டே பழகினார்கள். அந்தப் பத்து மில்லிவாட் பல நூறு கிலோமீட்டர் தொலைவில் தெளிவாகக் கேட்டது. இங்கே கணக்குகளை 866 மெகாஹெர்ட்ஸுக்குப் போடுகிறேன். தரையில் பயன்படுத்தக் கிடைத்த விலக்கு வானுக்கும் பொருந்தும் என்று நாமே முடிவு செய்துகொள்ளக் கூடாது. தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவிடமும் விமானப் போக்குவரத்து அதிகாரிகளிடமும் எழுத்து மூலம் கேட்டு, பதில் வந்த பிறகு வேலையைத் தொடங்குவதே முறை.

கீழ்நோக்கிய பாதை

உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் வானொலித் தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். 30,000 மீட்டருக்கு அது 710 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. இடையில் மலையோ கட்டடமோ இல்லாத இந்தப் பாதையில் அலை இழக்கும் வலிமையை, பெல் ஆய்வகத்தின் ஹெரால்ட் ஃப்ரிஸ் 1946-இல் வெளியிட்ட சூத்திரத்தைக் கொண்டு எளிதில் கணக்கிடலாம். கிலோமீட்டரில் உள்ள தூரத்தின் மடக்கையை 20-ஆல் பெருக்கி, மெகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணின் மடக்கையையும் 20-ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டி 32.44-ஐச் சேர்த்தால் இழப்பு டெசிபலில் வரும். 866 மெகாஹெர்ட்ஸில் 300 கிலோமீட்டருக்கு அது 140.7 டெசிபல்.

குறைந்த மின்சக்தியில் நெடுந்தொலைவு பேச உதவும் வானொலி முறைக்கு லோரா என்று பெயர். செம்டெக் நிறுவனத்தின் எஸ்எக்ஸ் 1276 என்ற லோரா சில்லை எடுத்துக்கொள்வோம். மலிவாகக் கிடைக்கிறது, நடத்தையும் நன்றாகத் தெரிந்தது. அது 13 டிபிஎம் (1 மில்லிவாட்டை 0 என்று வைத்த டெசிபல் அளவு), அதாவது 20 மில்லிவாட் அனுப்பட்டும். பலூனின் எளிய ஆன்டெனாவுக்குப் பெருக்கம் ஏதும் இல்லை என்று கொள்வோம். தரையில் உள்ள, ஒரே திசையை நோக்கும் யாகி ஆன்டெனாவுக்கு 10 டெசிபல். பெட்டி ஊசலாடுவது, முனைவாக்கம் பொருந்தாதது, கேபிளில் போவது எல்லாவற்றுக்கும் சேர்த்து 6 டெசிபல் கழித்தால், தரைக்கு வந்து சேர்வது −123.7 டிபிஎம். லோராவில் ஒரு குறியீட்டை எவ்வளவு நீட்டி அனுப்புகிறோம் என்பதை எஸ்எஃப் என்ற எண் குறிக்கிறது. 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் எஸ்எஃப் 10-இல் இந்தச் சில்லின் உணர்திறன், அதாவது அது படிக்கக்கூடிய மிக மெலிந்த சமிக்ஞை, −132 டிபிஎம். ஆக, 300 கிலோமீட்டரில் 8 டெசிபல் மிச்சம் இருக்கிறது. தூரம் இருமடங்கானால் 6 டெசிபல்தான் கூடுதலாக இழக்கிறோம் என்பதால் 600 கிலோமீட்டரிலும் விட்டுவிட்டுக் கேட்கும். கீழ்நோக்கிய பாதைக்கு இது போதும். திறனைக் கூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பலூனின் காது

எதிர்த்திசையில் பார்ப்போம். தரையில் மின்சாரத்துக்குக் குறைவில்லை என்பதால் அதே யாகியின் வழியாக 500 மில்லிவாட், அதாவது 27 டிபிஎம் அனுப்பலாம். பலூன் அனுப்புவதைவிட இது 25 மடங்கு. அதே இழப்புகளைக் கழித்தால் பலூனுக்கு −109.7 டிபிஎம் போய்ச் சேர்கிறது. காகிதத்தில் 22 டெசிபல் மிச்சம் நிற்கிறது. இந்தக் கணக்கை நம்பித்தான் பல மேல்நோக்கிய இணைப்புகள் வானில் தோற்றுப்போகின்றன.

மொட்டைமாடியில் இருக்கும் தரை நிலையத்துக்குச் சில கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள சாதனங்களின் இரைச்சல் மட்டுமே எட்டும். 30 கிலோமீட்டர் உயரத்தில் தொங்கும் பெட்டிக்கு 600 கிலோமீட்டர் ஆரத்துக்குள் உள்ள நிலம் முழுவதும் நேர்ப்பார்வையில் விரிந்து கிடக்கிறது. சுங்கச்சாவடிகளின் ஃபாஸ்டேக் படிப்பான்கள் நாம் தேர்ந்த அதே 865–867 பட்டையில்தான் இயங்குகின்றன. வானொலி வழியே அளவீடு அனுப்பும் ஸ்மார்ட் மின்மீட்டர்களும் அங்கே இருக்கின்றன. பட்டைக்கு இரண்டு மெகாஹெர்ட்ஸ் மேலே, 869-இல், செல்பேசிக் கோபுரங்களின் ஒலிபரப்பு தொடங்கிவிடுகிறது. 4 வாட் கதிர்வீச்சு கொண்ட படிப்பான் ஒன்று கீழே ஓடும் வண்டிகளை நோக்கி இருந்தாலும், நூற்றில் ஒரு பங்கு வானை நோக்கிக் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 16 டிபிஎம். 100 கிலோமீட்டருக்கு இழப்பு 131 டெசிபல். பலூனுக்கு −115 டிபிஎம் வந்து சேரும். 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் ஏற்பியின் சொந்த இரைச்சலே −117 டிபிஎம்தான். நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஒரே ஒரு படிப்பான் அதைத் தாண்டிவிடுகிறது.

இதை நான் நேரில் உணர்ந்தது ஏற்காட்டில். பலூனில் வைக்க வேண்டிய பெட்டியை லேடீஸ் சீட் அருகே, சேலம் நகரம் தெரியும் விளிம்பில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். தம்பி முறையுள்ள நண்பர் ஒருவர் சேலத்தில் தன் வீட்டு மொட்டைமாடியில் யாகியோடு நின்றார். அரைமணி நேரம் கழித்துத் தொலைபேசியில் கேட்டார்: "அண்ணே, நீங்க அனுப்புறது ஒண்ணுவிடாம வருது. நான் அனுப்புறதுல ஒண்ணாவது வந்துச்சா?" ஒன்றும் வரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு, நகரின் பெரும்பகுதி மறைந்து நண்பரின் பக்கம் மட்டும் திறந்திருந்த பாறை இடுக்கு ஒன்றில் ஒதுங்கினேன். அடுத்த கட்டளையே வந்து விழுந்தது. சமிக்ஞை கூடவில்லை, பெட்டி பார்த்த நகரம் சிறுத்திருந்தது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து, பலூனின் இரைச்சல் தளம் 15 டெசிபல் உயரும் என்று தொடக்கத்திலேயே வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறேன். அப்படியானால் இரைச்சல் −102 டிபிஎம். எஸ்எஃப் 10 இரைச்சலுக்குக் கீழே 15 டெசிபல் வரை புதைந்திருக்கும் சமிக்ஞையைப் படிக்கும் என்பதால் எல்லை −117. மிச்சம் 7 டெசிபல் மட்டுமே. இருபத்தைந்து மடங்கு உரக்கப் பேசியும் கீழ்நோக்கிய பாதையைவிடக் குறைவாகவே மிஞ்சுகிறது. அதனால் மேல்நோக்கிய பாதைக்கு எஸ்எஃப் 12-ஐப் பரிந்துரைக்கிறேன். அது 20 டெசிபல் புதைவு வரை தாங்கும். மிச்சம் 12 ஆகிறது. கட்டளைகள் மிகச் சிறியவை, 8 பைட்டுக்குள் அடங்கிவிடும். எஸ்எஃப் 12-இல் 8 பைட்டை அனுப்ப ஏறத்தாழ 1 விநாடி ஆகும். அந்தத் தாமதத்தால் எந்தக் கேடும் இல்லை. இரு திசைகளுக்கும் ஒரே எஸ்எஃப் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கூடவே, பலூன் ஏற்பியின் நுழைவாயிலில் 866 மெகாஹெர்ட்ஸை ஒட்டியதை மட்டும் உள்ளே விடும் சா (SAW) வடிகட்டி ஒன்றைப் பொருத்துங்கள். தன் பங்குக்கு இரண்டு டெசிபல் அளவு விழுங்கினாலும், 900 மெகாஹெர்ட்ஸ் கோபுரங்கள் ஏற்பியைத் திணறடிப்பதைத் தடுக்கும். 869-ஐ ஒட்டியுள்ள கோபுரங்களை அதனால் முழுவதும் தடுக்க முடியாது என்பதால் பட்டையின் கீழ்முனையில், 865.5-ஐ ஒட்டி, அலைவரிசையை வைத்துக்கொள்வது நல்லது.

கேட்பதன் விலை

மின்சாரக் கணக்கு இதைவிட வியப்பானது. நிமிடத்துக்கு ஒருமுறை 20 பைட் செய்தியை எஸ்எஃப் 10-இல் அனுப்புகிறோம் என்று கொள்வோம். ஒரு செய்திக்கு 0.37 விநாடி. 13 டிபிஎம்மில் சில்லு இழுப்பது 29 மில்லி ஆம்பியர். பெருக்கினால் நிமிடத்துக்கு 10.7 மில்லி ஆம்பியர்-விநாடி. ஏற்பியை நிமிடம் முழுவதும் திறந்து வைத்தால் 11 மில்லி ஆம்பியர் வீதம் 660 ஆகிறது. பேசுவதைப் போல் அறுபது மடங்கு செலவு கேட்பதற்கு! அனுப்புத்திறனைப் பாதியாகக் குறைத்துச் சேமிப்பதெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

ஆகவே பலூன் முதலில் பேச வேண்டும். பேசி முடித்துச் சரியாக 1 விநாடி கழித்து, 0.4 விநாடி மட்டும் காதைத் திறந்து வைக்க வேண்டும். ஒன்றும் கேட்காவிட்டால் உறக்கநிலைக்குப் போய்விட வேண்டும். லோராவான் வலையமைப்புகளில் வகுப்பு ஏ என்று வகுத்திருப்பதும் இதே முறைதான். எஸ்எஃப் 12-இல் ஒரு குறியீடு 32.8 மில்லி விநாடி நீளம். 0.4 விநாடிக்குள் பன்னிரண்டு குறியீடுகள் அடங்கும். செய்திக்கு முன்னால் வரும் மாறாத முன்குறியை இனங்காண அது தாராளம். முன்குறி தென்பட்டால் செய்தி முடியும்வரை விழித்திருக்கும். இந்தச் சாளரத்தின் விலை நிமிடத்துக்கு 4.4 மில்லி ஆம்பியர்-விநாடி. பேசுவதும் கேட்பதும் சேர்ந்து 15 சொச்சம். சராசரியில் கால் மில்லி ஆம்பியர்.

வானொலி இவ்வளவு குறைந்ததும் ஜிபிஎஸ்தான் பெருந்தீனிக்காரன் என்பது வெளிப்படும். வழக்கமான கருவி தொடர்ந்து 25 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். அதன் நினைவக மின்சாரத்தை மட்டும் அறுக்காமல் வைத்து, நிமிடத்துக்கு 3 விநாடி எழுப்பினால் இடத்தைச் சொல்லிவிடும். செயற்கைக்கோள்களின் பாதைத் தரவு சில மணி நேரத்தில் பழையதாகிவிடும். ஒவ்வொரு செயற்கைக்கோளும் அதை 30 விநாடிக்கு ஒருமுறை ஒலிபரப்புகிறது. எனவே அரைமணிக்கு ஒருமுறை 40 விநாடி விழிக்கவிடுங்கள். இவற்றையும் நுண்கட்டுப்படுத்தியின் பங்கையும் சேர்த்து என் பெட்டியின் சராசரி 2.4 மில்லி ஆம்பியருக்குள் நிற்கிறது. எல்லாவற்றையும் எப்போதும் விழித்திருக்க விட்டால் 41. குளிரில் ஒரு ஏஏ லித்தியம் செல்லின் 3000 மில்லி ஆம்பியர்-மணியில் பாதியை மட்டும் நம்பினால், முதல் முறையில் மூன்று வாரத்துக்கு மேல். இரண்டாவதில் ஒன்றரை நாள்.

மூன்று மணி நேரப் பறப்புக்கு மூன்று வாரம் எதற்கு என்று கேட்கலாம். அந்த மிச்சத்தை எடையாக மாற்றிக்கொள்ளலாம். மூன்று ஏஏ செல்கள் 45 கிராம். மூன்று ஏஏஏ செல்கள் 23 கிராம். ஏஏஏ வைத்தாலும் பத்து நாள் தாங்கும். காட்டிலோ கரும்புத் தோட்டத்திலோ விழுந்த பெட்டியை மூன்றாம் நாள் தேடிப்போகும்போது அது இன்னும் உயிரோடு பேசிக்கொண்டிருப்பதன் மதிப்பைத் தேடியவர்கள் அறிவார்கள். செல்கள் லித்தியம்–இரும்பு டைசல்பைடு வகையாக இருக்கட்டும். −40 பாகை செல்சியஸ் வரை வேலை செய்யும் என்று உற்பத்தியாளரே சொல்லும் வகை அது. அல்கலைன் செல்லும், கைப்பேசிகளில் உள்ள லித்தியம் பாலிமரும் இந்த வேலைக்கு ஆகாது.

பலூன் முதலில் பேசுவதால் கிடைக்கும் இன்னொரு நன்மை

வெப்பமண்டலத்தில் 16, 17 கிலோமீட்டர் உயரத்தில் காற்று −80 பாகை அளவுக்குக் குளிர்ந்திருக்கும். தெர்மோகோல் பெட்டி காக்கும் என்பது உண்மைதான். ஆனால் மின்செலவைக் குறைத்த பெட்டிக்கு உள்ளே சூடும் குறைவு என்பதை மறந்துவிடுகிறோம். 41 மில்லி ஆம்பியர் இழுத்த பழைய வடிவமைப்பு ஏறத்தாழ 180 மில்லிவாட் வெப்பத்தை உள்ளேயே வெளியிட்டுத் தன்னைத் தானே காத்துக்கொண்டது. புதியது வெளியிடுவது 10 மில்லிவாட் சொச்சம். அதனால் அதிர்வெண்ணை நிர்ணயிக்கும் குவார்ட்ஸ் படிகம் உண்மையாகவே குளிரும், குளிர்ந்தால் நகரும். பத்து லட்சத்தில் 20 பங்கு நகர்ந்தால் 866 மெகாஹெர்ட்ஸில் 17 கிலோஹெர்ட்ஸ். லோரா ஏற்பி தன் அகலத்தில் கால்பங்கு வரையிலான விலகலைத் தாங்கும்; 125 கிலோஹெர்ட்ஸுக்கு அது 31. ஆகவே சேதமில்லை.

அகலத்தை 31.25 கிலோஹெர்ட்ஸாகக் குறைத்தால் இரைச்சல் 6 டெசிபல் குறையும் என்ற ஆசையில் நானும் ஒருமுறை குறைத்தேன். ஐஸ்கிரீம் வியாபாரியிடம் உலர்பனிக்கட்டி வாங்கி, பெரிய தெர்மோகோல் பெட்டியில் பரப்பி, கருவியை உள்ளே வைத்து மூடியைத் தளர்வாகச் சாத்தினேன். முதல் கால் மணி நேரம் எல்லாச் செய்திகளும் வந்தன. அதன்பின் திரையில் விலகல் எண் மெல்ல மெல்ல ஏறி, 8 கிலோஹெர்ட்ஸை நெருங்கியபோது செய்திகள் ஒன்று விட்டு ஒன்றாகின. சிறிது நேரத்தில் அடியோடு நின்றன. கருவி உள்ளே நலமாகப் பேசிக்கொண்டுதான் இருந்தது, நான் கேட்ட இடத்தில் அது இல்லை. குறுகிய அகலம் வேண்டுமென்றால் வெப்பநிலை ஈடுசெய்யும் படிக அலையியற்றி கட்டாயம்.

பலூனே முதலில் பேசும் அமைப்பில் இதற்கு அழகான தீர்வு ஒன்று உண்டு. ஒவ்வொரு செய்தி வந்ததும் அது எத்தனை ஹெர்ட்ஸ் விலகி வந்தது என்பதைத் தரையிலுள்ள சில்லு அளந்து தருகிறது. தரை நிலையம் அதே அளவு தன் அதிர்வெண்ணை நகர்த்திக்கொண்டு பதில் அனுப்பினால், குளிர்ந்து நகர்ந்த பலூனின் காதுக்கு அது மிகச் சரியாக நடுவில் போய் விழும். பலூன் எதையும் திருத்த வேண்டியதில்லை. நேர ஒத்திசைவும் அப்படியே கிடைக்கிறது. 600 கிலோமீட்டர் போய்வர அலைக்கு 4 மில்லி விநாடி போதும். ஒரு குறியீட்டின் எட்டில் ஒரு பங்குதான் அது. ஆனால் அந்த 1 விநாடியை எண்ணும் வேலையை மடிக்கணினியிடம் ஒப்படைக்காதீர்கள். யுஎஸ்பி வழியாகப் போய்வரும் தாமதம் கணிக்க முடியாதது. தரை வானொலியை இயக்கும் நுண்கட்டுப்படுத்தியே எண்ணி அனுப்பட்டும். பல தரை நிலையங்கள் இருந்தால், கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு. பதில் அனுப்பும் பொறுப்பு ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே.

ஆன்டெனா

866 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் 86 மில்லிமீட்டர் சொச்சம். கம்பியைச் சற்று நீளமாக வெட்டி, ஆன்டெனா அளவியைப் பார்த்துக்கொண்டே 82-ஐ ஒட்டிக் கத்தரியுங்கள். அது பெட்டியின் அடியில் கீழ்நோக்கித் தொங்க, நான்கு தரைக்கம்பிகள் மேலே குடைபோல் விரியட்டும்; ஜிபிஎஸ் ஆன்டெனா பெட்டியின் மேல்முகத்தில் இருக்கட்டும். நேர் கீழே இந்த ஆன்டெனாவுக்குக் குருட்டுப்புள்ளி உண்டு. அதற்காக வருந்த வேண்டாம். தலைக்கு மேல் 30 கிலோமீட்டரில் இருக்கும்போது இழப்பு 300 கிலோமீட்டரைவிட 20 டெசிபல் குறைவு. அந்த உபரி குருட்டுப்புள்ளியை நிரப்பிவிடும். தரை ஆன்டெனாவுக்குத்தான் இடம் முக்கியம். 300 கிலோமீட்டர் தள்ளி 30 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள பலூன், பூமியின் வளைவையும் கழித்தால், தொடுவானத்துக்கு மேல் நான்கரை பாகையில்தான் நிற்கும். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே அதை மறைக்கப் போதும்.

செய்தியின் வடிவம்

எழுத்துக்களாக அனுப்புவதை விட்டுவிட்டு, எண்களை இரும வடிவில் நெருக்கி அடையுங்கள். அட்சரேகைக்கு 3 பைட் கொடுத்தால் ஒரு மீட்டர் சொச்சம் துல்லியம், தீர்க்கரேகைக்கு 3 பைட், உயரத்துக்கு 2, நேரத்துக்கு 2, வரிசை எண்ணுக்கு 2. பலூனின் அடையாளம், செயற்கைக்கோள் எண்ணிக்கை, மின்னழுத்தம், வெப்பநிலை ஆகியவற்றுக்குத் தலா ஒன்று. மீதி நான்கு பைட்டுகளைத்தான் ஒருவழி பலூன்காரர்கள் வைப்பதில்லை: கடைசியாகக் கேட்ட கட்டளையின் எண், அதன் விளைவு, அந்தக் கட்டளை வந்த வலிமை, அதன் சமிக்ஞை–இரைச்சல் விகிதம். மொத்தம் 20 பைட். கடைசி இரண்டு எண்களை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். தன் காதில் என்ன விழுகிறது என்று பலூனே சொன்னால்தான், உயரம் கூடக்கூட இரைச்சல் எப்படி ஏறுகிறது என்பதும், கயிற்றை அறுக்கும் கட்டளைக்கு இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்பதும் தரைக்குத் தெரியும்.

கட்டளை 8 பைட்: அடையாளம், கட்டளை வகை, அதன் மதிப்பு, வரிசை எண், கடைசி 4 பைட் சரிபார்ப்புக் குறி. இந்தக் குறியை, பலூனும் தரையும் மட்டும் அறிந்த சாவியைக் கொண்டு உருவாக்க வேண்டும். சாதாரண பிழைச்சோதனை எண் போதாது. அதே சில்லை வைத்திருக்கும் யாரும் அதைப் போலச் செய்துவிடலாம். பழைய வரிசை எண்ணோடு வரும் கட்டளையைப் பலூன் தள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் நேற்றுப் பதிவு செய்ததை இன்று யாரேனும் திரும்ப ஒலிபரப்பலாம். பதில் வரும்வரை தரை அதே கட்டளையை அதே எண்ணோடு ஒவ்வொரு சாளரத்திலும் திரும்ப அனுப்பட்டும். ஒருமுறை நிறைவேற்றிய கட்டளை மறுபடி வந்தால், பலூன் அதை மீண்டும் செய்யாமல் விளைவை மட்டும் திருப்பிச் சொல்லட்டும்.

கயிறறுக்கும் கட்டளையைத் தனியாக நடத்துங்கள். "ஆயத்தமாகு" என்று ஒன்றும், அது கேட்டதாகப் பலூன் உறுதி செய்த பிறகு, ஐந்து நிமிடத்துக்குள் "அறு" என்று இன்னொன்றும் வந்தால் மட்டுமே, சூடேறிக் கயிற்றை அறுக்கும் நிக்ரோம் கம்பிக்கு மின்சாரம் போக வேண்டும். அந்தக் கம்பிக்கு ஓர் ஆம்பியர் அளவு தேவைப்படலாம். வானொலியின் செல்லிலிருந்து எடுத்தால் மின்னழுத்தம் சரிந்து நுண்கட்டுப்படுத்தி மறுதொடக்கம் ஆகிவிடும். தனிச் செல் ஒன்றை ஒதுக்குங்கள். மேல்நோக்கிய பாதையை மட்டுமே நம்பியும் இருக்கக் கூடாது: கடற்கரைக்கு உட்பட்ட எல்லைக் கோடு ஒன்றைப் பலூனின் நினைவில் எழுதி, அதைத் தாண்டினால் தானே அறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தரையின் கட்டளை அந்த எல்லையை மாற்றவோ தள்ளிப்போடவோ பயன்படட்டும். அப்போது காது செவிடானாலும் பலூன் பாதுகாப்பான பக்கத்திலேயே தவறும்.

ஜிபிஎஸ்ஸைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பல கருவிகள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டின் காரணமாக 18 கிலோமீட்டருக்கு மேல் இடத்தைச் சொல்ல மறுக்கும். யூ-பிளாக்ஸ் கருவிகள் வாங்கியபடியே இருந்தால் 12 கிலோமீட்டரிலேயே நின்றுவிடும். வான்பறப்பு நிலைக்கு மாற்றும் கட்டளையை அனுப்பினால் 50 கிலோமீட்டர் வரை வேலை செய்யும். நாம் கருவியை அடிக்கடி உறங்கவிட்டு எழுப்புவதால் அந்த நிலை அழிந்துபோக வாய்ப்புண்டு. ஒவ்வொரு விழிப்பிலும் நிலையைக் கேட்டு, தவறியிருந்தால் மீண்டும் அமைக்கும்படி நிரல் எழுதுங்கள்.

சோதனை

மேசைமேல் இரண்டு வானொலிகளை வைத்துச் சோதித்தால் ஒன்றும் தெரியாது. சமிக்ஞையை வேண்டுமென்றே மெலிய வைக்கும் தடுப்பியை இடையில் வைத்தாலும், அதைச் சுற்றிக்கொண்டு சமிக்ஞை காற்றிலேயே தாவிவிடும். ஒன்றை இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவுக்குள் பேட்டரியோடு வைத்து, ஆன்டெனா முனையிலிருந்து கேபிளை மட்டும் திருகு இணைப்பான் வழியே வெளியே எடுத்து, இடையில் டெசிபல் தடுப்பிகளைச் சங்கிலியாகக் கோத்து, மற்றதை அடுத்த அறையில் வைத்துப் பாருங்கள். தடுப்பியைக் கூட்டக்கூட எந்த எண்ணில் செய்தி அறுகிறது என்று குறித்துக்கொண்டால், உங்கள் சில்லின் உண்மையான உணர்திறன் கைக்கு வந்துவிடும்.

அடுத்தது மலை. 10 கிலோமீட்டர் நேர்ப்பார்வையுள்ள இரண்டு இடங்களைத் தேர்ந்து, இரு முனைகளுக்கும் இடையில் 30 டெசிபல் தடுப்பியைச் சேர்த்தால், அது ஏறத்தாழ 316 கிலோமீட்டருக்கு ஒப்பாகும். ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள்: தடுப்பியைப் பலூன் பெட்டியின் பக்கம் மாட்டினால் வெளி இரைச்சலையும் அது குறைத்துவிடும், மேல்நோக்கிய பாதையைச் சோதிக்கும்போது தடுப்பி தரை நிலையத்தின் பக்கம்தான் இருக்க வேண்டும். பெட்டியை வைக்க நகரம் தெரியும் மலையையே தேர்ந்தெடுங்கள். அமைதியான மலை உங்களை ஏமாற்றும். மூன்றாவது, உலர்பனிக்கட்டிச் சோதனை. மூன்று மணி நேரம் ஓடட்டும், மின்னழுத்தமும் அதிர்வெண் விலகலும் பதிவாகட்டும். அறையின் சன்னல்கள் திறந்திருக்க வேண்டும், பெட்டியை இறுக மூடக் கூடாது. உலர்பனிக்கட்டி ஆவியாகி வெளிவிடும் கரியமில வாயு மூச்சையும் அடைக்கும், மூடிய பெட்டியையும் வெடிக்கச் செய்யும்.

தரையிறங்கிய பிறகு

500 மீட்டர் உயரத்தில் இறங்கிக்கொண்டிருக்கும் பெட்டிக்கும் தொடுவானம் 90 கிலோமீட்டர் உண்டு. மண்ணைத் தொட்டதும் அது ஓரிரு கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். அதனால் கடைசி ஆயிரம் மீட்டரில் 10 விநாடிக்கு ஒருமுறை பேசும்படி வைத்து, உயரம் பத்து நிமிடம் மாறாமல் இருந்தால் பெட்டி தானாகத் தேடல் நிலைக்கு மாறட்டும். அந்நிலையில் இரு திசைக்கும் எஸ்எஃப் 12. இரண்டு நிமிடத்துக்கு ஒரு செய்தி. ஜிபிஎஸ் மணிக்கு ஒருமுறை போதும். பயிருக்குள் விழுந்த பெட்டியின் மேல்முகம் கவிழ்ந்து கிடந்தால் ஜிபிஎஸ் புதிய இடத்தைத் தராது. எனவே கடைசியாகத் தெரிந்த நல்ல இடத்தையே, அது எடுக்கப்பட்ட நேரத்தோடு, திரும்பத் திரும்பச் சொல்லட்டும்.

கையில் சிறு யாகியோடு வரப்பில் நடப்பவருக்கு ஜிபிஎஸ் சொன்ன இடத்திலும் வெள்ளைப் பெட்டி கண்ணில் படாமல் போகலாம். அப்போது அடுத்த செய்திக்காகக் காத்திருந்து, அது வந்த நொடியில் ஒலிப்பான் கட்டளையை அனுப்புங்கள். ஒரு விநாடி கழித்துத் திறக்கும் அந்த 0.4 விநாடிக் காதுக்குள் கட்டளை நுழைந்துவிட்டால், கரும்புக்கு நடுவிலிருந்து பெட்டி கீச்சென்று கத்தத் தொடங்கும்.